இரவல் சேலை கட்டிய பெண்: பிளாக் ஆலிஸ் அறிமுகமாகும் ‘தி பேட்டில் விதின்’ தொகுப்பு

‘இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே’ என்பது எங்கள் வீட்டில் இன்றும் அன்றாடம் புழங்குகிற பழமொழி. அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றைப் படித்து மூடிவைத்த கையோடு அந்தப் பழமொழி மனத்தில் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டிசி நிறுவனம் 2006இல் தொகுப்பாக வெளியிட்ட ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே: தி பேட்டில் விதின்’ என்னும் நூலைச் சென்ற மாதம் பழைய புத்தகம் விற்பவர் ஒருவரிடம் வாங்கினேன். நாயகியர் குழு ஒன்றைப் பற்றிய அந்தத் தொடரின் 76 முதல் 85 வரையிலான பத்து இதழ்கள் இதில் அடங்கியுள்ளன. எழுதியவர் கேல் சிமோன். பத்து இதழ்களையும் வரிசையாகப் படித்தேன் என்றாலும், நான் இதைத் தேடி வாங்கியதற்கு ஒரே காரணம், தொகுப்பின் தொடக்கக் கதையில் அறிமுகமாகும் லோரி ஸெக்லின் என்ற பள்ளி மாணவிதான். அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் பிளாக் ஆலிஸ்.

லோரி தன் தாயை இழந்தவள். மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்டு தாய் இறந்துபோக, அந்தப் போதை மருந்துகளை ஊருக்குள் கொண்டுவந்து விற்றவர்களைத் தேடித் தேடித் தண்டிக்கக் கிளம்புகிறாள் மகள். இதுவரை கேட்டால் பழிவாங்கும் கதைகளில் இன்னொன்று என்றே தோன்றும். ஆனால் அவளுக்கென்று சொந்தமாக எந்த மாய சக்தியும் கிடையாது. உலகில் எங்கோ இருக்கும் மாயக்காரர் ஒருவரின் சக்தியைச் சிறிது நேரத்துக்குத் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளும் ஆற்றல் மட்டுமே அவளுடையது. அவள் எடுத்து வைத்திருக்கும் வரை, சக்தியின் உரிமையாளர் கைகளில் ஒன்றும் இருக்காது. உடையும் மாறிவிடும். யாருடைய சக்தியை எடுத்தாளோ அவருடைய உடையின் சாயல், கறுப்புத் துணியும் வலைக் காலுறையும் கனத்த கண்மையுமாக, ‘காத்’ என்று அழைக்கப்படும் இருண்ட அலங்காரத்தில் அவள்மீது வந்து படியும். சேலை என்று பழமொழி சொல்வது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

எதிரே நிற்பவரின் வலிமையில் பாதியைப் பெற்றுவிடும் வாலியை அறிந்த நமக்கு, பிறர் பலத்தைத் தன் பலமாக்கிக்கொள்ளும் பாத்திரம் புதிதல்ல. ஆனால் வாலிக்கு எதிரி கண்ணெதிரே வந்து நின்றாக வேண்டும்; வந்தவன் போரிடும் நோக்கத்தோடு வந்தவன். அமெரிக்கச் சித்திரக்கதைகளிலேயே எக்ஸ்-மென் குழுவின் ரோக் 1981இல் அறிமுகமானபோது, பிறரைத் தொட்டால்தான் அவர்களுடைய ஆற்றலை உறிஞ்ச முடியும் என்ற விதி அவளுக்கு இருந்தது. அந்தத் தொடுகையே அவளுடைய தண்டனையாகவும் ஆனது. பிளாக் ஆலிஸ் யாரையும் பார்க்க வேண்டியதில்லை, தொட வேண்டியதில்லை. ஓஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் நின்றுகொண்டு, எங்கோ தொலைவில் இருப்பவரின் சக்தியை எடுத்துவிடலாம். எடுக்கப்பட்டவர் யார், அந்நேரம் அவர் என்ன செய்துகொண்டிருந்தார், அவருக்கு என்ன நேர்ந்தது என்பது எடுத்தவளுக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பாத்திரத்தின் முழு ஆழமும் அந்தத் தெரியாமையில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகளுக்குத் தொடக்கக் கதையை மட்டும் படிக்கக் கொடுத்திருந்தேன். மேசையின்மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு நெடுநேரம் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “சித்தி, இவள் எடுக்கிற நேரத்தில் ஸாடானா மேடையில் வித்தை காட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? பெட்டிக்குள் யாராவது இருந்தால்?” என்று கேட்டாள். ஸாடானா டிசி உலகின் மேடை மந்திரக்காரி. 1964 முதல் இருந்துவரும் பாத்திரம். சொற்களைத் தலைகீழாக உச்சரித்து மாயம் செய்பவள். என் அக்காள் மகள் கேட்ட கேள்விக்கு அந்தப் பக்கத்தில் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி படிப்பவர் மனத்தில் தானாக எழும்படி விதியை அமைத்ததுதான் எழுத்தாளரின் திறமை. பலமுள்ளவர்களைப் பற்றி எழுதப்படும் சித்திரக்கதைகளில் பலம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஒரு விண்கல்லோ ஆய்வுக்கூட விபத்தோ பதிலாகிவிடும். அந்தப் பலத்துக்கு வேறொருவர் விலை கொடுக்கிறார் என்ற கணக்கைக் காட்டும் கதைகள் மிகக் குறைவு.

கேல் சிமோன் இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு கூர்மையாகப் பார்க்கிறார் என்பதற்கு அவருடைய கடந்த காலத்தில் ஒரு விடை உண்டு. முடிதிருத்தும் தொழிலில் இருந்த அவர், 1999இல் இணையத்தில் ஒரு பட்டியலை வெளியிட்டார். ஆண் நாயகர்களுக்குக் கோபமோ துயரமோ ஊட்டுவதற்காகவே கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல் அது. சித்திரக்கதைத் துறையில் அது பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிறகு அவரே எழுத்தாளராகி, 2003இல் 56ஆம் இதழ் தொடங்கி ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ தொடரை எழுதத் தொடங்கினார். பெண்களின் சக்தி பறிக்கப்படுவதை எண்ணிக் கணக்கெடுத்தவர், பிறருடைய சக்தியைப் பறிக்கும் ஒரு பெண்பிள்ளையைப் படைத்திருக்கிறார். அவளை அவர் கொண்டாடவும் இல்லை, கண்டிக்கவும் இல்லை. பறிக்கும் இடத்தில் நிற்பவளும் இழந்தவள்தான் என்பதை மட்டும் கண்விலகாமல் பார்க்கிறார்.

லோரியைத் தேடி வரும் ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ குழுவில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். குழுவின் தலைவி பார்பரா கார்டன், ஒரு காலத்தில் பேட்கேர்ள் என்ற நாயகி. 1988இல் வெளிவந்த கதையில் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் சுட்டதால் நடக்கும் ஆற்றலை இழந்தவர். அடுத்த ஆண்டே ஆரக்கிள் என்ற பெயரில், கணினியின் முன்னால் அமர்ந்து நாயகர்கள் அனைவருக்கும் தகவல் தருபவராக மீண்டும் எழுந்தவர். இந்தத் தொகுப்புக்குச் சற்று முன்புதான் காத்தம் நகரிலிருந்த அவருடைய மணிக்கூண்டுத் தலைமையகமும் அழிந்துவிட்டது. பிளாக் கேனரி எனப்படும் டைனா லான்ஸ், சித்திரவதைக்கு ஆளாகித் தன் ஒலிச்சக்தியை இழந்து, பல ஆண்டுகள் வெறும் கைகளால் சண்டையிட்டு, பிற்பாடு லாசரஸ் குழி என்னும், காயங்களை ஆற்றி உயிர்ப்பிக்கும் மாயக் குழியிலிருந்து எழுந்தபோது அதைத் திரும்பப் பெற்றவர். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரும்கூட. ஹன்ட்ரஸ் எனப்படும் ஹெலினா பெர்ட்டினெல்லி, சிறுமியாக இருந்தபோதே குற்றக் கும்பல்களின் பகையில் தன் குடும்பத்தை இழந்தவர். பகலில் பள்ளி ஆசிரியை. பலத்தை இழப்பது என்றால் என்ன, தாயை இழப்பது என்றால் என்ன, பழிவாங்கும் வெறி ஒருவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதையெல்லாம் தங்கள் உடம்பில் அனுபவித்தவர்கள் இந்த மூவரும். இவர்களை விட்டால் லோரியின் எதிரே நின்று பேசத் தகுதியுள்ளவர்கள் அந்தக் கற்பனை உலகில் வேறு யாரும் இல்லை. அந்தச் சந்திப்பு எப்படி முடிகிறது என்பதை இங்கே சொல்லிவிட்டால் படிக்கப்போகிறவர்களுக்கு நான் செய்யும் துரோகமாகும்.

டேட்டன் நகரைத் தேர்ந்தெடுத்ததையும் குறிப்பிட வேண்டும். டிசியின் கதைகள் பெரும்பாலும் காத்தம், மெட்ரோபோலிஸ் போன்ற கற்பனை நகரங்களில் நடப்பவை. டேட்டனோ நிஜமான ஊர். ரைட் சகோதரர்கள் மிதிவண்டிக் கடை நடத்திய ஊர். பணப்பதிவு இயந்திரங்களும் கார்களும் செய்து வாழ்ந்த ஊர். இந்தக் கதை வெளியான 2005ஆம் ஆண்டிற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே, அந்நகரின் பக்கத்திலிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை மூடப்பட்டது. அபின் வகை மருந்துகளால் அமெரிக்காவிலேயே மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஒன்றாகவும் டேட்டன் செய்திகளில் அடிபட்டது. மாத்திரைகளால் தாயை இழந்த ஒரு பெண்பிள்ளையை ஒரு சித்திரக்கதை அந்த ஊரில் முன்கூட்டியே நிறுத்தியிருக்கிறது. ஆசிரியர் எதையும் ஆரூடம் சொன்னதாக நான் கருதவில்லை. ஊரின் துயரத்தைக் கூர்ந்து கவனித்தவர் எழுதினால் கதை இப்படித்தான் பல ஆண்டுகள் கழித்தும் பழையதாகாமல் இருக்கும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். முதற்குறை, லோரிக்குக் கிடைக்கும் இடம். பத்து இதழ்கள் கொண்ட நூலில் தொடக்கப் பகுதி மட்டுமே அவளுடையது. கதை அவளை விட்டு நகர்ந்து சிங்கப்பூருக்குப் போகிறது. டைனாவும் முதிய குத்துச்சண்டை வீரர் வைல்ட்கேட்டும் அங்கே போதைக் கும்பலோடு மோதுகிறார்கள். ஹெலினா குழுவிலிருந்து விலகுகிறார். பார்பராவின் உடலுக்குள் புகுந்த, பிரெய்னியாக் என்னும் இயந்திர அறிவு கொண்ட வில்லனின் தொற்றோடு நூல் முடிகிறது. நூலின் தலைப்புக்கு உரியது அந்த இறுதிப் போராட்டம்தான். பார்பராவும் ஹெலினாவும் முறுக்கிக்கொள்ளும் பகுதி நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. நண்பரை நல்வழிப்படுத்துகிறேன் என்ற பெயரில் நண்பருக்குத் தெரியாமலே அவரை ஆட்டிவைப்பது எவ்வளவு பெரிய பிழை என்பதை அது நேர்மையாகச் சொல்கிறது. ஆனால் லோரிக்காக வாங்கியவருக்கு, பந்தியில் முதல் பதார்த்தத்தை ருசித்து முடிப்பதற்குள் இலையை எடுத்துவிட்டது போன்ற ஏமாற்றம் இருக்கவே செய்யும்.

இரண்டாவது குறை எனக்குப் பெரிதாகப் படுகிறது. இந்தத் தொடரை வரைந்த ஓவியர்கள் பலர். மாறி மாறி வரைந்திருப்பதால் ஒரே முகம் அடுத்த இதழில் வேறு முகமாகிவிடுகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து அதிமனிதச் சித்திரக்கதைகளின் பொதுவான வழக்கப்படி, சண்டையின் நடுவிலும் பெண்களைப் பார்ப்பவரின் கண்ணுக்காக முறுக்கி நிறுத்தி வரைந்திருக்கும் முறை, எழுத்தின் நோக்கத்துக்கு நேரெதிராக நிற்கிறது. சொற்கள் மனத்தின் காயத்தைப் பேசிக்கொண்டிருக்க, கோடுகள் வேறெதையோ காட்டிக்கொண்டிருக்கின்றன. துக்கத்தில் இருக்கும் பள்ளிப் பெண் ஒருத்தியின் கதையில் இது உறுத்துகிறது. முகங்கள் அழகாகவே இருக்கின்றன; ஆனால் லோரியின் முகத்தில் இருக்க வேண்டிய தூக்கமின்மையும் கடுகடுப்பும் பல கட்டங்களில் அழகுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டுவிட்டன. அவளுடைய கறுப்பு அலங்காரம் கண்ணைக் கவருவதற்கான வேடம் அல்லவே. ‘என்னிடம் வராதீர்கள்’ என்று ஊராருக்கு எழுதி மாட்டிய பலகை அது.

உடை மாறும் இடங்களை மட்டும் இந்தக் குறையிலிருந்து விலக்கிவிடலாம். ஓவியம் தன் வேலையை முழுமையாகச் செய்வது அங்கேதான். மூல நாயகரின் உடையை அறிந்த வாசகர் அதன் கறுத்த சாயலைப் பார்த்ததுமே, இப்போது யாருடைய சக்தி வந்திருக்கிறது என்று வசனம் எதுவுமின்றிக் கண்டுகொள்கிறார். தலைக்கவசம் என்றால் 1940 முதல் வரும் மாயக்காரர் டாக்டர் ஃபேட். பச்சை முக்காடு என்றால் கடவுளின் சினத்தைச் சுமந்து திரியும் ஸ்பெக்டர். உயரத் தொப்பியும் வாற்சட்டையும் என்றால் ஸாடானா. பிளாக் ஆலிஸ் என்ற பாத்திரத்துக்கு இந்த வாய்ப்பு எப்போதும் திறந்தே இருக்கிறது. எந்த ஓவியர் கையில் கிடைத்தாலும் அது ஒரு விருந்து. ஆனால் உடை எத்தனை மாறினாலும் எதுவும் அவளுக்கு அளவெடுத்துத் தைத்ததாகத் தெரிவதில்லை. அக்காளின் தாவணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும் தங்கையைப் போல, எல்லா உடைக்குள்ளும் அவள் கொஞ்சம் தொலைந்தே காணப்படுகிறாள்.

இந்தப் பாத்திரத்தைப் பின்தொடர விரும்புகிறவர்களுக்கு அடுத்து என்ன படிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். 2005இல் வந்த ‘டே ஆஃப் வெஞ்சன்ஸ்’ குறுந்தொடரிலும் அதன் வழிவந்த கதைகளிலும் அவள் தலைகாட்டுகிறாள். அங்கே அவள் ஒரு கருவி மட்டுமே. எவருக்கும் எதிராகப் பயன்படுத்தக்கூடிய சீட்டு. ஆளில்லாமல் அலையும் டாக்டர் ஃபேட்டின் தலைக்கவசம் ஒவ்வொருவராகத் தேடிப் போகும் வரிசையில், 2007இல் அவளுக்கென்று ஓர் ஒற்றை இதழும் வந்தது. இதையும் சிமோனே எழுதினார். இரவலாக மட்டுமே சக்தியை அறிந்தவளுக்கு, சொந்தமாக்கிக்கொள்ளக்கூடிய ஒன்று தானாக வாசலில் வந்து விழுந்தால் என்ன செய்வாள் என்ற கேள்வி அருமையான கேள்வி. ஒரே இதழில் அதை அடக்கப் பார்த்ததால் பாதிக்கிணறுதான் தாண்ட முடிந்திருக்கிறது.

லோரி முழு உயிர் பெறுவது ‘சீக்ரெட் சிக்ஸ்’ தொடரில். 2008 முதல் 2011 வரை 36 இதழ்கள் வந்த இந்தத் தொடரையும் சிமோன்தான் எழுதினார்; முதலில் நிக்கோலா ஸ்காட்டும் பிறகு ஜிம் கலாஃபியோரேயும் பெரும்பாலான இதழ்களை வரைந்தார்கள். கூலிக்கு வேலை செய்யும் குற்றவாளிகள் அறுவரின் கதை இது. டெட்ஷாட், கேட்மேன், பேன், ஸ்கேண்டல் சாவேஜ், ராக்டால், ஜானெட் என்று ஒவ்வொருவரும் உடைந்த மனிதர்கள். ‘டான்ஸ் மக்காப்ர்’ என்ற தொகுப்பில் லோரி இவர்களிடம் வந்து சேர்கிறாள். பள்ளிப் பெண் ஒருத்தி கொலைகாரர்களிடம் வேலை கேட்டு வந்து நிற்பதை வேடிக்கையாகக் காட்டத் தொடங்கும் கதை, போகப் போக அவள் வந்த காரணத்தைத் திறக்கும்போது நம்மை உலுக்கிவிடுகிறது. அவளுடைய தந்தைக்குப் புற்றுநோய். அதைக் கொடுத்ததே தன்னுடைய மாயம்தான் என்று அவள் நம்புகிறாள். சிகிச்சைக்குப் பணம் வேண்டும், அதற்காகத்தான் கூலிப்படை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யாருக்கு என்ன நேர்ந்தது என்று அறியாமலே எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கணக்கு தன் வீட்டுக் கூடத்திலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. முகம் தெரியாத மந்திரக்காரர்கள் கொடுத்த விலை கண்ணில் படவில்லை. தந்தை கொடுக்கும் விலை அன்றாடம் கண்ணெதிரே இருக்கிறது. அமெரிக்காவில் புற்றுநோய் சிகிச்சைக்கு ஆகும் செலவு நடுத்தரக் குடும்பங்களையே கடனில் தள்ளக்கூடியது என்பதால், உலகையே புரட்டும் சக்தியைக் கடன் வாங்கத் தெரிந்த பெண் மருத்துவமனைச் செலவுக்காகக் கொலைகாரர்களுக்குப் பின்னால் நடக்கிறாள் என்ற நிலைமை செயற்கையாகத் தோன்றவில்லை. முதல் தொகுப்பில் பழிவாங்குபவளாக வந்தவள் இங்கே பரிகாரம் தேடுபவளாகிவிடுகிறாள். பரிகாரத்துக்கும் தவறான வழியையே தேர்ந்தெடுக்கிறாள். அவளை எதிர்நாயகி என்று அழைப்பதற்கு உண்மையான காரணம் இந்தத் தேர்வுதான். கறுப்பு உடை அல்ல.

எதிர்நாயகர்கள் தமிழ்ச் சித்திரக்கதை வாசகர்களுக்குப் பழக்கமானவர்கள்தாம். முத்து காமிக்ஸ் 1972இல் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, மூலத்தின் தொடக்கத்தில் தன் ஆற்றலைத் தீய வழிக்குப் பயன்படுத்தியவரே. லயன் காமிக்ஸ் வழியாக நம்மிடம் வந்த ஸ்பைடரும் குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தொடங்கியவரே. ஆனால் அவர்கள் வளர்ந்த ஆண்கள். தங்கள் ஆற்றலில் பெருமை கொண்டவர்கள். திருந்தினார்கள் என்றால் அதற்கான காரணத்தைக் கதை அதிகம் விசாரிக்காது. அந்த இதழ்களைக் கையில் வைத்து வளர்ந்த எனக்கு, தன் ஆற்றலைக் கண்டு தானே அஞ்சும் பிள்ளை ஒருத்தியை எதிர்நாயகி இடத்தில் பார்ப்பது முற்றிலும் புதிய அனுபவமாக இருந்தது.

‘சீக்ரெட் சிக்ஸ்’ கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, அந்தக் குழு அவளை நடத்தும் விதம். யாரும் அவளுக்கு அறிவுரை சொல்வதில்லை. சொல்லும் தகுதி அங்கே ஒருவருக்கும் இல்லை. உடலைக் கயிறுபோல் முறுக்கக்கூடிய ராக்டாலின் மீது அவளுக்கு ஏற்படும் ஈர்ப்பு விசித்திரமானது. ராக்டாலின் பழங்காலத்து அலங்காரப் பேச்சும் அவளுடைய வெடுக்கென்ற பதில்களும் மோதும் பக்கங்கள் உயிரோட்டமாக இருக்கின்றன. பதின்வயதுப் பெண்ணுக்கும் வளர்ந்த குற்றவாளிக்கும் இடையிலான இந்த நெருக்கத்தை இன்னும் கவனமாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதை வேடிக்கையாக விட்டுவிட்ட இடங்களில் ஆசிரியரின் கண்டிப்பு சற்றுத் தளர்ந்துவிட்டது.

2014 இறுதியில் தொடங்கிய புதிய ‘சீக்ரெட் சிக்ஸ்’ தொடர் பதினான்கு இதழ்களோடு நின்றுபோனது. டிசி தன் உலகத்தைப் புதிதாகத் தொடங்கிய பிறகு வந்தது என்பதால், இதில் வரும் லோரிக்கு முந்தைய கதைகளின் நினைவு எதுவும் கிடையாது. கேட்மேன் ஒருவரைத் தவிர மற்றவர்களும் பெரும்பாலும் மாறிவிட்டார்கள். புறநகர் வீடு ஒன்றில் இந்த விநோதக் குழு குடும்பம்போல வாழ முயலும் பகுதிகள் இதமானவை. அவளுடைய சக்தி மாய உலகத்தின் சமநிலையையே குலைக்கத் தொடங்கும் கதையும் இதில் உண்டு. இரவல் வாங்கிக்கொண்டே இருந்தால் கொடுப்பவர்களின் பானையும் ஒருநாள் காலியாகும் என்ற சிந்தனை நல்ல சிந்தனைதான். எனினும் தந்தையின் நோய் தந்த வலுவை இந்த உலகளாவிய ஆபத்து தரவில்லை. பெரிய ஆபத்துகளை எந்தச் சித்திரக்கதையும் காட்டிவிடும்; டேட்டன் வீட்டின் கூடத்தைக் காட்டுவதுதான் கடினம்.

நூலின் பௌதிக நிலை பற்றியும் சொல்ல வேண்டும். நான் வாங்கியது பழைய பிரதி. விற்றவர் ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று எழுதியிருந்தார். வந்ததோ மேல் மூலை நசுங்கி, முதுகுப் பசை விட்டு, நடுவே நான்கு தாள்கள் கையோடு வந்த பிரதி. கேட்டதற்கு விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார் என்பதைச் சொல்லிவிடுவதே நியாயம். மெல்லிய அட்டையும் பசைக்கட்டும் கொண்ட இந்த வகைத் தொகுப்புகளைப் பழையதாக வாங்குகிறவர்கள், முதுகையும் நடுத்தாள்களையும் நிழற்படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகு பணம் கட்டுவது நல்லது. இரண்டு பக்கங்களுக்கும் விரியும் படங்களில் நடுமடிப்புக்குள் சில வசன பலூன்களின் ஓரம் மறைந்துபோகிறது. புத்தகத்தை அழுத்தி விரித்தால் தாள் பிரிந்துவிடும் என்ற பயத்தில் தலையைச் சாய்த்துத்தான் படித்தேன். வண்ண அச்சு மங்கவில்லை. லோரியின் கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. இதழ்கள் மின்வடிவிலும் கிடைக்கின்றன. நடுமடிப்புத் தொல்லை இல்லாமல் படிக்க விரும்புவோருக்கு அது வசதி. உடை மாறும் பக்கங்களை மட்டும் தாளில் பார்க்க வேண்டும் என்பேன்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தாயின் மரணமும் போதை மருந்தும் கதையின் மையம் என்பதால், ‘தி பேட்டில் விதின்’ தொகுப்பை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் பெரியவர் ஒருவர் தாமும் படித்துவிட்டு, பேசத் தயாராக இருக்கும் நிலையில் கொடுக்கலாம். வீட்டில் அண்மையில் இழப்பு நேர்ந்திருந்தால் தள்ளிவைக்கலாம். ‘சீக்ரெட் சிக்ஸ்’ வளர்ந்தவர்களுக்கு மட்டுமே. அதன் வன்முறை மிகக் கடுமையானது.

என் அக்காள் மகள் அந்தக் கதையை இரண்டாம் முறையும் படித்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திருப்பித் தந்தாள். பிரிந்த நான்கு தாள்களையும் எண் வரிசைப்படி அடுக்கி, உள்ளே காகிதச் சீட்டு ஒன்றை வைத்திருந்தாள். அதில் ஸாடானா, டாக்டர் ஃபேட், ஸ்பெக்டர் என்று வரிசையாகப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் ‘அப்போது எங்கே இருந்தார்?’ என்று கேட்டு, பக்கத்தில் இடம் விட்டிருந்தாள்.